திரும்பி வருவதற்குக் காசு இல்லை

மலேசியாவில், பினாங்குத் தீவுக்குப் போகும் பழைய ஃபெரியில் போனவர்களுக்குத் தெரியும். பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு, பெரியவர்களுக்கு 1 வெள்ளி 20 காசு. தீவிலிருந்து திரும்பி வருவதற்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மருத்துவமனைக்குப் போகிற நாட்களில் பாலத்தில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் ஃபெரியில் அழைத்துப் போவதாகச் சொன்னால்தான் என் மகன் அழாமல் கிளம்புவான். அதனால் ஃபெரி.

2019-இல் ஒரு நாள், அவனுக்கு அப்போது பத்து வயது, திரும்பி வரும்போது கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: “அம்மா, என் கட்டியும் ஃபெரி மாதிரிதான். திரும்பி வர்றதுக்குக் காசு இல்ல.”

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் அவனுடைய தாடையில் இரண்டாவது கட்டியைப் படத்தில் காட்டியிருந்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அவன் சொன்னது தப்பு. அது திரும்பி வந்ததல்ல, வேறு இடத்தில் புதிதாக வந்தது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் கட்டி 2017-இல். அவன் ஆண்டு 2 படித்துக்கொண்டிருந்தான். “வாய் உப்புக் கரிக்குது” என்று அடிக்கடி சொன்னான். வலது பக்கம் கீழே, கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு லேசாகத் தடித்திருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். ஈறில் சீழ் என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். குறைந்தது. மூன்று வாரத்தில் மறுபடியும் வந்தது, மறுபடியும் அதே மருந்து. யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை, எடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கட்டி எலும்பை வெளியே தள்ளி வீங்க வைப்பது குறைவு. எலும்புக்குள்ளேயே, நீளவாக்கில், சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை.

கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் மிஸ்ஸிதான், அதாவது பல் தாதி. நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லோருக்கும் அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். மண்டபத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்வார்கள். பாதிப் பிள்ளைகள் கழிப்பறையில் போய் ஒளிந்துகொள்வார்கள். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்று தாதியருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்ததே இதே பினாங்கில்தான், 1949-இல். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. அந்த மலாய் மிஸ்ஸி என் மகனின் ஈறை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, சிகிச்சை எதுவும் செய்யாமல், ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்து அனுப்பினார். ‘எக்ஸ்ரே தேவை’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஓபிஜி என்கிற அகலமான படம். தாடை முழுவதையும் ஒரே வளைவாக விரித்துக் காட்டும். முளைக்காத பற்கள் எலும்புக்குள் வரிசையாகக் காத்திருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விதைநெல் மாதிரி. வலது பக்கம் மட்டும் ஒரு கறுப்பு வட்டம், ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய கோடு. அங்கே முளைக்க வேண்டிய கடைவாய்ப்பல்லை அது கீழே தள்ளி வைத்திருந்தது.

சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்த பிறகு பெயர் வந்தது: ஓடன்டோஜெனிக் கெராட்டோசிஸ்ட். பல் உருவாகும்போது தாடைக்குள் மிச்சம் நின்றுபோகிற செல்களிலிருந்து முளைக்கிற ஒரு பை. நம் முடியிலும் நகத்திலும் இருக்கிற அதே கெரட்டின்தான், பாலாடைக்கட்டி போலக் குழைந்து அதற்குள் நிரம்பியிருக்கும்.

பெயரிலேயே ஒரு கூத்து இருந்தது. ஒரு அறிக்கையில் ‘சிஸ்ட்’ என்று இருந்தது. இன்னொரு தாளில், வேறொரு மருத்துவர் எழுதியதில், ‘டியூமர்’ என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாகன நிறுத்தத்திலேயே எனக்குக் கால் நடுங்கிவிட்டது. இந்தப் பெயரை 1956-இல் பிலிப்சன் என்பவர் வைத்தாராம். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இதை டியூமர் என்று மாற்றினார்கள். 2017-இல், சரியாக என் மகனுக்கு வந்த அதே ஆண்டில், மறுபடியும் சிஸ்ட் என்றே ஆக்கிவிட்டார்கள். புதுப் பெயருக்குப் பழகாத ஒரு கை அந்தத் தாளை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பெயரில் சொன்னாலும் இது புற்றுநோய் இல்லை.

தமிழில் இன்னும் மோசம். நமக்கு எல்லாமே கட்டிதான். வேனல் கட்டியும் கட்டி, மூளையில் வந்தாலும் கட்டி. “பையனுக்குத் தாடையில கட்டியாமே” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகம் உடனே மாறும். நீர்க்கட்டி என்று சொல்லிப் பார்த்தேன். “தண்ணிதானே, ஊசியால எடுத்துடலாமே” என்றார்கள். கடைசியில் யார் கேட்டாலும் ‘பல் ஆபரேஷன்’ என்று மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

உடனே அறுத்து எடுக்க வேண்டாம் என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். நிதானமான ஒரு மலாய் அம்மா. கட்டிக்கு ஒரு வாசல் திறந்து, சின்னக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார். உள்ளே அழுத்தம் குறைந்தால் பை தானாகச் சுருங்கும், எலும்பு மறுபடி வளரும், சுற்றி முளைக்காமல் இருக்கும் பற்களுக்கும் சேதம் குறையும். ஆனால் தினமும் இரண்டு வேளை, முனை வளைந்த சிரிஞ்சில் உப்பு நீரை எடுத்து அந்தக் குழாய் வழியாக உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டும். வீட்டில், நாங்களே.

என்னால் முடியவில்லை. முதல் நாளே கை நடுங்கி, தண்ணீர் அவன் மூக்கில் போய்விட்டது. கணவருக்கு ஷிப்ட் வேலை. செய்தது என் அத்தை, அதாவது அவனுடைய பாட்டி. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். மரத்துப் பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது. “வாயத் தெறங்கய்யா, பாட்டி கண்ண மூடிக்கிட்டே செய்வேன்” என்பார். அவன் சிரிப்பதற்காக வாயைத் திறக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். எட்டு மாதம் ஒரு நாள்கூட விடாமல் செய்தார். கூடவே நாகதோஷத்துக்கு ஒரு பரிகாரமும் செய்தார். நான் தடுக்கவில்லை. உப்புத் தண்ணீரை விடாமல் பீய்ச்சுகிறவர் பாம்புக்கும் பால் ஊற்றட்டும், எனக்கென்ன.

பை பாதிக்கு மேல் சுருங்கிய பிறகு எடுத்தார்கள். அப்போதே மருத்துவர் எச்சரித்தார். இந்தப் பையின் உட்சுவர் மிகவும் மெல்லியது, ஐந்தாறு அடுக்குச் செல்கள்தான், நனைந்த காகிதம் போலக் கிழிந்துவிடும். துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் அதிலிருந்து மறுபடி வளரும். தவிர, சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் சொன்னேன். “பால் ஏடு மாதிரின்னு சொல்லு. ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்” என்றார். அதைவிடச் சரியாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் 2019. வழக்கமான வருடாந்தரப் படத்தில், இடது பக்கம் மேல்தாடையில், கோரைப்பல்லுக்கு மேலே இன்னொரு கறுப்பு வட்டம். வலியில்லை, வீக்கமில்லை. இந்தத் தடவை மருத்துவர் படத்தைவிட அதிகமாக என் மகனின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். உள்ளங்கையை நீட்டச் சொன்னார். அப்புறம் என் கணவரின் கையை. “குடும்பத்தில் யாருக்காவது தோலில் புற்றுநோய்? விலா எலும்பில் ஏதாவது கோளாறு?”

கார்லின் நோய்த்தொகுப்பு என்ற பெயரை அன்றுதான் கேட்டோம். 1960-இல் கார்லின், கோல்ட்ஸ் என்ற இருவர் விவரித்தது. தாடையில் பல இடங்களில் இந்தக் கட்டிகள், தோலில் ஒரு வகைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவது, இரண்டாகப் பிளந்த விலா எலும்பு, மூளையை இரண்டாகப் பிரிக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிவது, பெரிய தலை, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஊசிமுனை அளவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை சின்னச் சின்னக் குழிகள். சில குழந்தைகளுக்கு மூளையிலும் கட்டி வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று வயதிலேயே. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமலேகூடப் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றலாம். இருபது வயதுக்கு முன்னால் தாடையில் இப்படி ஒரு கட்டி வந்தாலே அது பெரிய அடையாளங்களில் ஒன்று. ஆனால் அது மட்டும் போதாது, கூட வேறு அடையாளங்களும் வேண்டும்.

தோலில் ஒன்றும் இல்லையே என்று நான் நிம்மதியடையப் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அந்தப் புற்றுநோய் குறைவாகத்தான் வரும், அதனால் அது இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அடுத்த ஏழெட்டு மாதம் நான் என் மகனைப் பார்க்கவில்லை, அடையாளங்களைத்தான் பார்த்தேன். தூங்கும்போது டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தேன். பிறகு ஒப்பிடுவதற்காகக் கணவரின் தலையையும் அளந்தேன் (அவருக்குத் தொப்பி எதுவும் சேராது என்பதைக் கல்யாணத்திலிருந்தே கேலி செய்துகொண்டிருந்தேன், இப்போது அதுவே பயமாகிவிட்டது). மச்சத்தை எண்ணினேன். குளிக்க வைக்கும்போது விலா எலும்பை விரலால் தடவி எண்ணினேன். கூச்சத்தில் அவன் நெளிவான், நான் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

உள்ளங்கைக் குழிகள் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊற வைத்தால் நன்றாகத் தெரியும் என்று எங்கோ படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு துணி ஊற வைக்கிற பேசினில் சுடுதண்ணீர் கலந்து கூடத்தில் வைத்தேன். பிள்ளைகள் இருவரும் விளையாட்டு என்று நினைத்துக் கையை விட்டார்கள். கணவர் முகம் சுளித்துக்கொண்டே விட்டார். நான் விட்டேன். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துக் கைப்பேசி விளக்கை அடித்து ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். சுருங்கிப்போன தோல், ரேகைகள், மகள் கையில் பேனா மை. வேறொன்றும் இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் கையையும் பாரும்மா. எங்கிட்டேருந்து வந்திருந்தா?” என்று உட்கார்ந்து கையைப் பேசினில் விட்டார். அவருடைய உள்ளங்கையில் குழி இருந்தாலும் தெரிந்திருக்காது. உளி பிடித்துக் காய்த்துப்போன இடங்கள், பழைய வெட்டுத் தழும்புகள், ஆசிட் பட்ட வெள்ளைப் புள்ளிகள். நான் விளக்கை அணைத்துவிட்டேன். “ஒண்ணும் இல்ல அத்தை” என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, “நம்ம வீட்டுப் பக்கம் யாருக்கும் இப்பிடி வந்ததில்ல” என்றார். எனக்கும் அதே பேச்சுத்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, என் அம்மா வீட்டுப் பக்கத்தை வைத்து.

அந்த ஆண்டுக் கடைசியில் ரயிலேறி மரபணு நிபுணரைப் பார்க்கக் கோலாலம்பூர் போனோம். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே, மண்டைக்கு ஒன்று. அதையும் யோசித்து, அளவாகத்தான் எடுத்தார்கள். இந்த நோய்த்தொகுப்பு உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு ஆகாதாம், சிகிச்சைக்காகக் கதிர் பட்ட இடங்களில் தோல் புற்றுநோய்கள் கிளம்பும். விலா எலும்புகள் ஒழுங்காக இருந்தன. சுண்ணாம்பு இல்லை. இரத்தம் எடுத்து பிடிசிஹெச்1 என்ற மரபணுவைப் பார்க்க அனுப்பினார்கள். இந்த நோய்க்கும் அந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1996-இல் தெரியவந்தது. அந்த மரபணுவை முதலில் கண்டது மனிதனிடம் இல்லை, பழ ஈயிடம். வாழைப்பழத்தை மொய்க்கிறதே, அந்த ஈ. அதன் உடம்பில் எந்தக் கட்டத்தில் என்ன வளர வேண்டும் என்று ஒழுங்குபடுத்துகிற மரபணு. ‘வளர்ந்தது போதும்’ என்று செல்களுக்குச் சொல்கிற வேலை அதற்கு.

முடிவு வருவதற்குள் 2020 மார்ச் 18 வந்துவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு. மருத்துவமனைத் தேதிகள் எல்லாம் தள்ளிப்போயின. ஒரு மதியம் நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மாற்றம் எதுவும் இல்லை, நோய்த்தொகுப்புக்கான மற்ற அடையாளங்களும் இல்லை, இப்போதைக்கு இதைத் தனிப்பட்ட கட்டிகளாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார் அந்தப் பக்கத்துக் குரல். உடம்பின் சில செல்களில் மட்டும் மாற்றம் இருந்தால் இரத்தத்தில் தெரியாமல் போகலாம், அதனால் கண்காணிப்பைக் கைவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

நன்றி சொல்லி வைத்தேன். அத்தை பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினார். கணவர் யார் யாருக்கோ போன் செய்தார். நான் அடுப்படியில் நின்று யோசித்தது வேறு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெயர் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். ஒரே ஒரு நொடிதான், ஆனாலும் நினைத்தேன். பெயர் இருந்தால் ஏன் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். அடுத்து என்ன பார்க்க வேண்டும், எந்த வயதில் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். ‘நோய்த்தொகுப்பு இல்லை’ என்பதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது. சொந்தக்காரர்களுக்கு அது ‘ஒண்ணும் இல்லையாம்’ என்று போய்ச் சேர்ந்தது. ஒன்றும் இல்லாதவனுக்கு ஏன் இரண்டு ஆபரேஷன்?

பின்னால் மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். நோய்த்தொகுப்பு இல்லாதவர்களின் கட்டியை எடுத்துப் பரிசோதித்தாலும், பல நேரம் அதே பிடிசிஹெச்1 மரபணுவில் மாற்றம் தெரியும். அந்தப் பைக்குள் மட்டும். பிள்ளையின் உடம்பில் இல்லை, அப்பா அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை. எங்கோ ஒரு செல் பிரியும்போது எழுத்துப்பிழை மாதிரி நடந்தது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, “மரத்துல குத்தம் இல்லியாம், ஒரு கிளையில மட்டும்தானாம்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப விதைச்சவங்க மேலயும் குத்தம் இல்ல” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் என்கிற பேச்சு வரவில்லை.

2022-இல் மூன்றாவது. இந்தத் தடவை உண்மையாகவே திரும்பி வந்தது, முதலில் எடுத்த அதே வலது பக்கத்தில், கொஞ்சம் பின்னால். அவன் அப்போது படிவம் 1, இடைநிலைப்பள்ளியில் முதல் ஆண்டு. பையை எடுத்து, சுற்றியிருந்த எலும்பையும் லேசாகச் சுரண்டி, மிச்சம் இருக்கக்கூடிய செல்களைச் சுட்டுவிட ஒரு திரவம் தடவினார்கள். கார்னாய் கரைசல் என்று பெயர். முன்பு அதில் குளோரோஃபார்ம் சேர்ப்பார்களாம், இப்போது அது இல்லாமல் தயாரிக்கிறார்கள். சின்ன வயதிலேயே ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டேன். முளைக்காத பற்களையும் அது சேர்த்துச் சுட்டுவிடும் என்றார். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் ஆபத்து உண்டு. கொஞ்சம் நடக்கத்தான் செய்தது. நான்கு மாதம் கீழுதட்டின் வலது பக்கம் மரத்துப்போய்விட்டது. சாம்பார் வடிந்தால்கூடத் தெரியாது. பள்ளியில் கேலி செய்தார்கள். பாட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடும்போது தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். அவன் துடைத்துக்கொள்வான். அந்தக் கடைவாய்ப்பல்லும் போனது.

அதற்குள் பழைய ஃபெரிகளும் போய்விட்டன. 2020 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். 2023-இல் வந்த புதுப் படகுகள் குளிர்சாதனம் போட்டு, கண்ணாடி அடைத்து நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சாய்ந்துகொண்டு கடலில் எச்சில் துப்புவதற்கு அந்தப் பழைய கம்பி இல்லை என்பது என் மகனின் குறை.

இப்போது அவனுக்குப் பதினாறு. பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள் திரும்பி வரும் என்கிறார்கள், பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டாம். எண்ணிப் பார்த்தால் கடைசி ஆபரேஷனுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது. ஓபிஜி அறைக்குள் என்னை வரவேண்டாம் என்கிறான். தானே போய்த் தாடையை வைத்து, கட்டையைக் கடித்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறான். படத்தைத் திரையில் போட்டதும் மருத்துவருக்கு முன்னால் அவன் கண் வலது மூலைக்குப் போகிறது, பிறகு இடது மேல் பக்கம். நான் படத்தைப் பார்ப்பதில்லை, அவன் கண்ணைப் பார்க்கிறேன்.

போன மாதம் எடுத்ததில் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்று முகப்பில் இருந்த பெண் தேதி எழுதிக் கொடுத்தார். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது எஸ்பிஎம் பரீட்சை நேரம்” என்றான். மறுபடி வரிசையில் நின்றோம், தேதியை மாற்றிக் கேட்க.